இன்வைட் டிராக்கர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலும் அழைப்பின் பேரில் மட்டுமே சேர முடிகிற டொரண்ட் தளங்களைப் பற்றிப் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே. ஒவ்வொரு தளத்துக்கும் தனி விதிப்பக்கம் உண்டு. அங்கே எழுதியிருப்பதும் இங்கே எழுதியிருப்பதும் முரண்பட்டால் அங்கே இருப்பதுதான் செல்லும்.

தனி டிராக்கர் என்றால் என்ன? பொது டொரண்ட் தளத்திலிருந்து எங்கே வேறுபடுகிறது?

டிராக்கர் எந்தக் கோப்பையும் சேமித்து வைப்பதில்லை. ஒரு டொரண்டை இந்த நிமிடம் யார் யார் வைத்திருக்கிறார்கள் என்ற ஐபி முகவரிப் பட்டியலைப் பராமரித்து, கேட்கிற கிளையன்டுக்கு (உங்கள் கணினியில் ஓடும் டொரண்ட் நிரல்) கொடுப்பது மட்டுமே அதன் வேலை. 2001-இல் பிராம் கோஹன் பிட்டொரண்ட் என்ற இந்தக் கோப்புப் பகிர்வு முறையை வெளியிட்டதிலிருந்தே இப்படித்தான். கோப்பு கைமாறுவது முழுக்க உறுப்பினர்களின் கணினிகளுக்கு இடையில்.

தனி டிராக்கர் அந்தப் பட்டியலை உறுப்பினர்களுக்கு மட்டும் கொடுக்கும். அதற்கு இரண்டு ஏற்பாடுகள். நீங்கள் இறக்கும் டொரண்ட் கோப்புக்குள் இருக்கிற டிராக்கர் முகவரியில் உங்களுக்கென்றே ஒரு நீண்ட குறியீடு சேர்ந்திருக்கும், அதுதான் பாஸ்கீ. யார் எவ்வளவு ஏற்றினார், எவ்வளவு இறக்கினார் என்று தளம் கணக்கு வைப்பது இதைக் கொண்டுதான். அடுத்தது டொரண்டுக்குள் இருக்கும் 'பிரைவேட்' கொடி. இதைப் பார்த்ததும் கிளையன்ட், டிராக்கரைத் தவிர வேறு வழியில் பியர்களை (அதே டொரண்டைப் பகிரும் மற்றவர்களை) தேடுவதை நிறுத்திவிடும்: டிஹெச்டி, பெக்ஸ், உள்வலைத் தேடல் எல்லாமே அந்த டொரண்டுக்கு மட்டும் அணைந்துவிடும். கொடியை நீக்கிவிட்டால் ஆயிற்று என்று சிலர் முயல்வதுண்டு. டொரண்டின் அடையாளமான ஹாஷ் எண் கணக்கிடப்படும் பகுதிக்குள்ளேயே கொடி இருப்பதால், அதைத் தொட்ட கணமே ஹாஷ் மாறி அது வேறொரு டொரண்ட் ஆகிவிடும். டிராக்கர் அதை ஏற்காது.

அழைப்பு முறை இருப்பதால் சட்டச் சிக்கல் வராதா?

வரும். கூட்டம் மூடியதா திறந்ததா என்பதைப் பதிப்புரிமைச் சட்டம் பார்ப்பதில்லை. இறக்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்கு ஏற்றவும் செய்கிறீர்கள். அதாவது வெறும் நுகர்வோர் அல்ல, விநியோகிப்பவர். ஓய்ங்க் என்ற இசை டிராக்கர் 2007 அக்டோபரில் காவல்துறை நடவடிக்கையில் மூடப்பட்டது. அதை நடத்திய ஆலன் எல்லிஸ் 2010 ஜனவரியில் இங்கிலாந்து நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார், ஆனால் தளம் திரும்ப வரவில்லை. அதற்குப் பின் பெரிதாக வளர்ந்த வாட்.சிடி, 2016 நவம்பரில் பிரான்ஸ் அதிகாரிகள் சர்வர்களைக் கைப்பற்றியதை அடுத்து மூடியது.

பகிர உரிமை உள்ளவற்றை மட்டுமே அனுமதிக்கும் சமூகங்களும் இருக்கின்றன. தங்கள் கச்சேரியை ரசிகர்கள் பதிவுசெய்து காசில்லாமல் பகிரலாம் என்று அனுமதித்த இசைக்குழுக்களின் பதிவுகளை இழப்பில்லா வடிவில் பரப்பும் இ-ட்ரீ சமூகம் இதில் மூத்தது. இன்டர்நெட் ஆர்கைவின் நேரடி இசைக் காப்பகம் 2002-இல் தொடங்கியது அந்தச் சமூகத்தோடு சேர்ந்துதான். பொதுவுடைமையான படங்கள், கட்டற்ற மென்பொருள், ஆய்வுத் தரவுகள் ஆகியவற்றுக்கும் இதே நுட்பம் பயன்படுகிறது. கீழே சொல்லப்படும் ரேஷியோ, போர்ட், ஹாஷ் சமாச்சாரங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். எதைப் பகிர்கிறீர்கள் என்பதற்குப் பொறுப்பு உங்களுடையது.

உள்ளே நுழைய என்னென்ன வழிகள்?

நான்கு. சில தளங்கள் ஆண்டில் ஓரிரு முறை சில மணி நேரமோ சில நாளோ பதிவை எல்லோருக்கும் திறந்துவிடும். சில தளங்களில் விண்ணப்பப் படிவம் இருக்கும்; அதில், மற்றத் தளங்களில் நீங்கள் வைத்திருக்கும் கணக்குப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, இணைய வேகம், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற நாலு வரி கேட்பார்கள். சில தளங்கள் ஐஆர்சி அரட்டையில் நேர்காணல் வைக்கும். கடைசி வழி, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் தரும் இன்வைட். இதிலேயே இன்னொரு வகை உண்டு: ஒரு தளத்தில் குறிப்பிட்ட வகுப்புக்கு (உறுப்பினர் படிநிலைக்கு) உயர்ந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற அழைப்புப் பகுதி. அங்கே மற்றத் தளங்களின் ஊழியர்களே வந்து ஆள் சேர்ப்பார்கள்.

எங்கள் கருத்தில் புதியவருக்குச் சரியான பாதை, திறந்த பதிவில் கிடைக்கும் ஒரு நடுத்தரத் தளத்தில் சேர்ந்து, ஆறு மாதம் ஒழுங்காக சீட் செய்து (இறக்கியதை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டே இருந்து) வகுப்பு உயர்வது. பெரிய தளத்தின் விண்ணப்பத்தில் கேட்கப்படும் சான்று அந்த ஆறு மாதக் கணக்குதான். அது இல்லாமல் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் எடுபடாது.

இன்வைட்டைக் காசு கொடுத்து வாங்கலாமா? பண்டமாற்று?

இரண்டும் கூடாது. பெரும்பாலான தளங்களில் இன்வைட் மரம் உண்டு: யார் யாரை அழைத்தார், அவர் யாரை அழைத்தார் என்ற கிளைப் பட்டியல். ஒரு விற்பனை பிடிபட்டால் வாங்கியவர், விற்றவர், பல நேரங்களில் அந்தக் கிளையில் உள்ள எல்லோருமே போய்விடுவார்கள். விற்பனைக்கு வரும் கணக்குகளில் பல, வேறு யாரிடமிருந்தோ திருடப்பட்டவை. வாங்குபவர் போல வந்து பேரம் பேசுவது தள ஊழியராகவே இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

பொதுவெளியில் "யாரிடமாவது இன்வைட் இருக்கிறதா?" என்று கேட்பதும் வீண். பல தளங்களில் முன்பின் தெரியாதவருக்கு அப்படிப் பொதுவெளியில் இன்வைட் கொடுப்பதே விதிமீறல். எனவே பதில் சொல்கிறவர் அநேகமாக ஏமாற்றுக்காரர்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

இசைத் தளங்கள்தான் இதற்குப் பெயர் போனவை. கேள்விகள் மூன்று கூறாக வரும்: ஒலி வடிவங்கள், சிடியிலிருந்து எடுக்கும் முறை, தளத்தின் விதிகள்.

வடிவங்களில் முக்கியமாகத் தெரிய வேண்டியது, இழப்புள்ள வடிவத்திலிருந்து வேறு வடிவத்துக்கு மாற்றினால் தரம் திரும்பாது என்பது. சிடியிலிருந்து இழப்பில்லா வடிவமான ஃபிளாக், ஃபிளாக்கிலிருந்து இழப்புள்ள எம்பி3: சரி. எம்பி3-யிலிருந்து ஃபிளாக்: தவறு. கோப்பு பெரிதாகும், தரம் பழையதுதான். இப்படிச் செய்தவற்றை டிரான்ஸ்கோட் என்று சொல்லி நீக்கிவிடுவார்கள். 320 கேபிபிஎஸ் எம்பி3-யை வி0 (மாறும் பிட் வீத எம்பி3) ஆக்குவதும் இதே குற்றம்.

பிறகு சில நிறமாலைப் படங்களைக் காட்டி, இது எது என்று கேட்பார்கள். படத்தில் குறுக்கே நேரம், நெடுக்கே அதிர்வெண். சிடியிலிருந்து நேராக வந்த ஃபிளாக்கில் நிறம் 22 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும். 320 எம்பி3 சுமார் 20-இல் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். 128 சுமார் 16-இல். ஃபிளாக் என்று பெயர் வைத்த கோப்பு 16-இல் வெட்டுப்பட்டிருந்தால் பதில் வெளிப்படை. ஆனால் அவசரப்பட வேண்டாம்: பழைய ஒலிநாடா, வானொலிப் பதிவு போன்றவற்றில் மூலத்திலேயே உயர் அதிர்வெண் இருக்காது. அங்கே நிறம் படிப்படியாக மங்கி மறையும், நேர்கோட்டில் அறுபடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் கேட்பவருக்குத் திருப்தி. ஸ்பெக் என்ற சிறிய நிரலில் உங்கள் கோப்புகளையே போட்டுப் பத்து இருபது படம் பார்த்துப் பழகுங்கள்.

சிடி எடுப்பதில் லாக் கோப்பு, கியூ தாள் இரண்டும் எதற்கு என்று கேட்பார்கள். லாக் என்பது எடுத்த நிரல் எழுதிவைக்கும் சான்று: எந்த டிரைவ், ஆஃப்செட் திருத்தம் என்ன, பாதுகாப்பு முறையில் எடுக்கப்பட்டதா, ஒவ்வொரு பாட்டிலும் பிழை வந்ததா. கியூ என்பது பாட்டுகளின் எல்லையும் இடைவெளியும் குறித்த வரைபடம். இரண்டும் இருந்தால் வட்டை அதேபோல் மறுபடி எரிக்கலாம்.

நேர்காணலின்போது குறிப்புகளைப் பார்த்துப் படிப்பது, அடுத்தவரை எழுதச் சொல்வது இரண்டும் தகுதி நீக்கம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். இரண்டொரு தவறுக்காகத் தள்ளமாட்டார்கள். தள்ளினாலும் குறிப்பிட்ட இடைவெளி விட்டு மறுபடி வர அனுமதி உண்டு. வரிசையில் காத்திருக்கும் நேரம் மணிக்கணக்கில் போகலாம், அரட்டை இணைப்பு அறுந்தால் இடம் போய்விடும்.

கணக்கு கிடைத்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் இறக்காதீர்கள். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, பிறகு விதிப்பக்கம். விதிகளில் குறித்துக்கொள்ள வேண்டியவை: அனுமதிக்கப்பட்ட கிளையன்ட்களும் அவற்றின் பதிப்பு எண்களும், குறைந்தபட்ச ரேஷியோ, குறைந்தபட்ச சீட் நேரம், வி.பி.என் பற்றிய நிலை, எத்தனை நாள் உள்நுழையாவிட்டால் கணக்கு போகும் என்பது. அடுத்து போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியான பிறகு, 'ஃப்ரீலீச்' முத்திரை உள்ள சிறிய டொரண்ட் ஒன்றை எடுத்துச் சோதியுங்கள். ஃப்ரீலீச்சில் இறக்கியது கணக்கில் சேராது, ஏற்றியது சேரும்.

ரேஷியோ எப்படிக் கணக்கிடப்படுகிறது? எவ்வளவு இறக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏற்றிய அளவை இறக்கிய அளவால் வகுத்தால் ரேஷியோ. 30 ஜிபி இறக்கி 50 ஜிபி ஏற்றியிருந்தால் 1.67. தளம் கேட்பது 0.6 என்றால், 50-ஐ 0.6-ஆல் வகுத்தால் 83.3, அதில் ஏற்கெனவே இறக்கிய 30 போக, இன்னும் 53 ஜிபி வரை இறக்கலாம். இந்த மிச்சம்தான் பஃபர். ரேஷியோவைவிட இந்த எண்ணைக் கவனிப்பது புத்திசாலித்தனம். 1 ஜிபி இறக்கி 5 ஜிபி ஏற்றியவரின் ரேஷியோ 5.0, ஆனால் ஒரு பெரிய டொரண்டிலேயே காலியாகிவிடும்.

என் ரேஷியோ ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது?

ஏனென்றால் ஒருவர் ஏற்றுகிற ஒவ்வொரு பைட்டும் இன்னொருவர் இறக்குகிற பைட். மொத்தத் தளத்தையும் கூட்டினால் சராசரி 1-ஐத் தாண்டாது. சிலருக்கு 20 இருந்தால் பலருக்கு 1-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். அந்தச் சிலர் யார் என்றால், தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்த சீட்பாக்ஸ் வைத்திருப்பவர்கள். புதிய டொரண்ட் வந்த சில நொடிகளில் அவர்களுடைய நிரல் தானாகவே அதை எடுத்து, கிகாபிட் வேகத்தில் ஏற்றத் தொடங்கிவிடும். வீட்டு இணைப்பு அந்த ஓட்டத்தில் ஜெயிக்காது.

தளங்களுக்கும் இது தெரியும். அதனால்தான் ஃப்ரீலீச்சும் போனஸ் புள்ளிகளும். போனஸ் என்பது சீட் செய்யும் நேரத்துக்குக் கூலி: யாரும் இறக்காவிட்டாலும், டொரண்ட் உங்கள் கிளையன்டில் உயிரோடு இருந்தால் மணிக்கணக்கில் புள்ளி சேரும். பல தளங்களில் சூத்திரம் டொரண்டின் அளவு, வயது, சீடர் (சீட் செய்பவர்) எண்ணிக்கை மூன்றையும் பார்க்கும். பழையது, சீடர் குறைந்தது என்றால் புள்ளி அதிகம். புள்ளியை ஏற்றிய அளவாக மாற்றிக்கொள்ளலாம். ஆகவே வீட்டு இணைப்புக்காரர் செய்ய வேண்டியது, சீடர் ஒன்றிரண்டு பேர் மட்டுமே இருக்கும் டொரண்ட்களை நிறைய எடுத்து, கணினியையோ ஒரு சிறிய சேமிப்புப் பெட்டியையோ 24 மணி நேரமும் ஓடவிடுவது. இரண்டு மூன்று மாதத்தில் ரேஷியோ என்ற கவலையே இருக்காது. அதற்கு முன் அலுத்துப்போய் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

ரேஷியோவைப் பொய்யாக அறிவிக்கும் நிரல்கள் உண்டு. மற்றவர்கள் இறக்கியதாகச் சொன்ன மொத்தமும் நீங்கள் ஏற்றியதாகச் சொன்னதும் ஒத்துப்போகாதபோது தளம் எளிதாகக் கண்டுபிடித்துவிடும். அதற்கு மன்னிப்பே கிடையாது.

ஹிட் அண்ட் ரன் என்றால் என்ன? முழு நேரமும் சீட் செய்தும் எனக்கு ஏன் எச்சரிக்கை வந்தது?

இறக்கிவிட்டுக் குறிப்பிட்ட காலம் சீட் செய்யாமல் போவது. 72 மணி நேரம் என்பது பரவலான அளவு, பெரிய தொகுப்புகளுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட உண்டு. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, மொத்தமாகக் கூட்டிக்கொள்வார்கள். ஆனால் அதை முடிக்கவும் ஒரு கெடு இருக்கும்.

எச்சரிக்கை வரக் காரணம் பெரும்பாலும் கிளையன்டின் வரிசை வசதி. கியூபிட்டொரண்ட் என்ற கிளையன்டில் இயல்புநிலையில் ஒரே நேரத்தில் இயங்கும் டொரண்ட்கள் ஐந்து, அதில் சீட் செய்பவை மூன்று. நீங்கள் நாற்பது டொரண்ட் வைத்திருந்தால் மற்றவை வரிசையில் நிற்கும், சீட் ஆகாது. அமைப்பில் பிட்டொரண்ட் பகுதிக்குப் போய் வரிசை வசதியை அணைத்துவிடுங்கள். அதே பக்கத்தில் "இந்த ரேஷியோ வந்ததும் நிறுத்து" என்ற வரம்பு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு காரணம், கணக்கு நொடிக்கு நொடி போவதில்லை. கிளையன்ட் டிராக்கரிடம் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறைதான் அறிக்கை கொடுக்கும். நடுவில் மின்சாரம் போனாலோ கிளையன்டைக் கட்டாயமாகக் கொன்றாலோ கடைசி அறிக்கைக்குப் பின் நடந்தது பதிவாகாது. முறையாக மூடினால் 'நிறுத்தினேன்' என்ற அறிக்கை போய்விடும். அது போக ஓரிரு நொடி விடுங்கள்.

'இணைக்க முடியாதவர்' என்று தளம் காட்டுகிறது. எப்படிச் சரிசெய்வது?

வெளியிலிருந்து உங்கள் கிளையன்டுக்கு யாராலும் இணைப்பைத் தொடங்க முடியவில்லை என்று பொருள். நீங்கள் மற்றவர்களை அழைக்கலாம், அதனால் இறக்கம் நடக்கும். ஆனால் உங்களைப் போலவே மூடிய இன்னொருவரோடு ஒருபோதும் இணைய முடியாது. சீடர் ஒருவர் மட்டும் இருக்கும் டொரண்டில் அந்த ஒருவரும் மூடியிருந்தால், ஸ்வார்மில் (அந்த டொரண்டைப் பகிரும் கூட்டத்தில்) ஆள் இருந்தும் 0 சதவீதத்தில் நிற்பது இதனால்தான்.

சரிசெய்யும் வரிசை இது. கிளையன்டில் 49152-க்கும் 65535-க்கும் இடையே ஒரு போர்ட்டைத் தேர்ந்து நிலையாக வையுங்கள், 'ஒவ்வொரு முறையும் புதிய போர்ட்' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். ரவுட்டரில் உங்கள் கணினிக்கு மாறாத உள்முகவரி ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ரவுட்டரை அணைத்துப் போட்டதும் எல்லாம் குலையும். பிறகு போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் அந்த போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் அந்த முகவரிக்குத் திருப்புங்கள். கணினியின் ஃபயர்வாலில் கிளையன்டை அனுமதியுங்கள். கிளையன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்ட் சோதனைப் பக்கத்தில் பாருங்கள். அது ஓடாதபோது எந்த போர்ட்டும் மூடியதாகத்தான் தெரியும்.

இவ்வளவும் செய்தும் மூடியிருந்தால், ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் காட்டும் வெளிமுகவரியையும் 'என் ஐபி' தளம் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரியின் பின்னே வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை. நிறுவனத்திடம் தனிப் பொது ஐபி கேட்பது, போர்ட் ஃபார்வர்டிங் தரும் வி.பி.என் எடுப்பது, சீட்பாக்ஸ் எடுப்பது என்று மூன்று வழி. வி.பி.என் வாங்குமுன் அந்த வசதி இன்றைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். முல்வாட் 2023-இல் அதை நிறுத்தியது, பழைய பரிந்துரைப் பட்டியல்களில் இன்னும் அதன் பெயர் இருக்கிறது.

ஏற்ற வேகத்துக்கு வரம்பு வைக்க வேண்டுமா?

வீட்டு இணைப்பில், ஆம். ஏற்றும் பாதை முழுதாக நிரம்பினால் இறக்கத்துக்கான ஒப்புகைகளும் அதிலேயே மாட்டி எல்லாம் மெதுவாகும். உண்மையான ஏற்ற வேகத்தில் 80 சதவீதம் வையுங்கள். நிறுவனம் சொல்வது மெகாபிட், கிளையன்ட் காட்டுவது மெகாபைட்: 20 மெகாபிட் என்றால் 2.5 மெகாபைட், அதில் 80 சதவீதம் 2 மெகாபைட்.

இறக்கிய கோப்பின் பெயரை மாற்றினேன், பாட்டு விவரங்களைத் திருத்தினேன். இப்போது சீட் ஆகவில்லை.

டொரண்ட் என்பது கோப்பைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எடுத்த பட்டியல். ஒரு பைட் மாறினாலும் அந்தத் துண்டு செல்லாது. கிளையன்டுக்குள்ளேயே பெயர் மாற்றினால் அது நினைவில் வைத்துக்கொள்ளும், வெளியே மாற்றினால் கோப்பு காணவில்லை என்று சொல்லும்.

ஒழுங்கான நூலகமும் வேண்டும், சீட்டும் நடக்க வேண்டும், வட்டில் இரட்டை இடமும் போகக்கூடாது என்றால் ஹார்ட்லிங்க். ஒரே தரவுக்கு இரண்டு பெயர். இரண்டும் ஒரே வட்டுப் பிரிவில் இருக்க வேண்டும், வட்டு விட்டு வட்டு வேலை செய்யாது. இங்கே பலர் விழும் குழி ஒன்று: ஹார்ட்லிங்கில் பெயரை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், ஆனால் உள்ளே எழுதக் கூடாது. நூலகப் பக்கத்தில் பாட்டு விவரத்தைத் திருத்தினால் சீட் பக்கத்திலும் அதே பைட்டுகள் மாறும். சில திருத்து நிரல்கள் புதிய கோப்பை எழுதிப் பழையதை மாற்றும், சில நேராக அதே இடத்தில் எழுதும். எது எப்படி என்று நம்பி இருக்காதீர்கள். ஒலிக்கோப்புக்குத் தனிப் பிரதி எடுப்பதே நல்லது, இடமும் அதிகம் போகாது.

அதே கோப்பு வேறொரு டிராக்கரிலும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் சீட் செய்யலாமா?

செய்யலாம்; கிராஸ் சீட் என்பார்கள். இரண்டாவது தளத்தின் டொரண்டை எடுத்து, அதே கோப்புறையைச் சுட்டி, இறக்கம் தொடங்காத நிலையில் சேர்த்து, மறுசோதனை செய்யுங்கள். 100 சதவீதம் வந்தால் தொடங்குங்கள். 99.8-இல் நின்றால் பெரும்பாலும் அந்தத் தளத்தில் மட்டும் இருக்கும் சின்ன விவரக்கோப்பு, அதை இறக்கவிடலாம். 60, 70 என்று வந்தால் அது வேறு பிரதி. அப்படியே தொடங்கினால் உங்கள் நல்ல கோப்பின் மேல் எழுதி முதல் தளத்து சீட்டைக் கெடுத்துவிடும்.

ஒரு தளத்திலிருந்து எடுத்த டொரண்ட் கோப்பை இன்னொரு தளத்திலோ நண்பரிடமோ கொடுக்காதீர்கள். அதில் உங்கள் பாஸ்கீ இருக்கிறது, அவர் இறக்குவதெல்லாம் உங்கள் கணக்கில் விழும். கசிந்துவிட்டால் கணக்கு அமைப்பில் பாஸ்கீயை மாற்றி, எல்லா டொரண்ட்களிலும் டிராக்கர் முகவரியைப் புதுப்பிக்க வேண்டும்.

சொந்தமாக ஒன்றை ஏற்றும்போது எங்கே தவறு நடக்கிறது?

தேடிப் பார்க்காமல் ஏற்றி, நகல் என்று நீக்கப்படுவது முதலிடம். அடுத்தது துண்டு அளவு: மொத்தம் 1000 முதல் 2000 துண்டு வருகிறமாதிரி பாருங்கள். 4 ஜிபிக்கு 4 எம்பி துண்டு என்றால் 1024. 400 எம்பிக்கு 256 கேபி என்றால் 1600. 'பிரைவேட்' பெட்டியில் குறியிட்டு, உங்கள் அனௌன்ஸ் முகவரியை (பாஸ்கீ சேர்ந்த டிராக்கர் முகவரி) போட்டு, தளம் கேட்டால் சோர்ஸ் புலத்தில் அதன் குறியீட்டையும் எழுதுங்கள். கோப்புறைப் பெயரும் கோப்புப் பெயரும் சேர்ந்த நீளத்தைக் கவனியுங்கள். விண்டோஸின் பழைய 260 எழுத்து வரம்பை மனத்தில் வைத்து இசைத் தளங்கள் 180-க்குள் கேட்பது வழக்கம்.

ஏற்றியபின் பலர் மறப்பது: தளம் உங்கள் டொரண்டில் சோர்ஸ் புலத்தைச் சேர்த்திருந்தால் ஹாஷ் மாறியிருக்கும். கையில் இருப்பதை வைத்து சீட் செய்தால் 'பதிவாகாத டொரண்ட்' என்று வரும். ஏற்றியதைத் தளத்திலிருந்தே திரும்ப இறக்கி, அதைக் கிளையன்டில் போடுங்கள்.

டிராக்கர் காட்டும் பிழைகளுக்கு என்ன பொருள்?

'பதிவாகாத டொரண்ட்': நீக்கப்பட்டது, அல்லது மேலே சொன்ன ஹாஷ் சிக்கல். தளத்தில் தேடினால் அதைவிட நல்ல பிரதி அந்த இடத்துக்கு வந்திருப்பது தெரியும். 'பாஸ்கீ இல்லை': பாஸ்கீ மாறியது, அல்லது கணக்கு முடக்கம். 'கிளையன்ட் அனுமதி இல்லை': அவசரமாகப் புதிய பதிப்புக்கு மாறியதால் இருக்கலாம், கியூபிட்டொரண்டில் அநாமதேய முறை கிளையன்டின் அடையாளத்தை மறைப்பதாலும் இது வரும், அணைத்துவிடுங்கள். 'அதிக இடங்கள்': ஒரே டொரண்டை வீட்டிலும் சீட்பாக்ஸிலும் தளம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஓட்டுகிறீர்கள். நேரம் முடிந்தது என்று வந்தால் டிராக்கர் படுத்திருக்கிறது. எதையும் தொடாதீர்கள், தானாக வரும்.

வி.பி.என் வைத்துத் தளத்தைப் பார்க்கலாமா? வீட்டில் இன்னொருவரும் கணக்கு வைத்திருந்தால்?

டொரண்ட் போக்குவரத்துக்கு வி.பி.என் பெரும்பாலும் பிரச்சினையில்லை. தளத்தில் உள்நுழைவதுதான் சிக்கல்: அதே வி.பி.என் முகவரியில் முன்பு தடைசெய்யப்பட்டவர் வந்திருந்தால், தளத்தின் பார்வையில் நீங்களும் அவரும் ஒருவர். பதிவும் நேர்காணலும் வீட்டு முகவரியிலிருந்தே நடக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லும் தளங்கள் உண்டு. ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு கணக்கு என்பதே எங்கும் விதி. ஒரே வீட்டில் இருவர் என்றால் இரண்டாமவர் சேருமுன் ஊழியர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். சேர்ந்தபின் விளக்குவது கடினம்.

எனக்கு இன்வைட் கிடைத்திருக்கிறது. யாருக்குக் கொடுக்கலாம்?

நேரில் தெரிந்தவருக்கு, அதுவும் சீட் செய்வார் என்று தெரிந்தவருக்கு. அவர் செய்கிற தவறு உங்கள் பெயரில் எழுதப்படும். கொடுக்காமல் வைத்திருப்பது குற்றமில்லை.

கணக்கு முடங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

நெடுநாள் உள்நுழையாததால் போனது என்றால், தளத்தின் உதவி அரட்டையில் பயனர்பெயரும் பழைய மின்னஞ்சலும் சொன்னால் பல தளங்கள் ஒருமுறை திருப்பித் தரும். வெளியூர் போவதாக இருந்தால் முன்பே கணக்கை முடங்காமல் நிறுத்திவைக்கும் 'பார்க்' வசதியைப் பயன்படுத்துங்கள். விதிமீறலுக்கான தடை என்றால் நடந்ததை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். அவர்களிடம் பதிவுகள் இருக்கின்றன, பொய் உடனே தெரியும். எக்காரணம் கொண்டும் புதிய கணக்கு திறக்காதீர்கள், திருப்பித் தரப்பட இருந்ததும் அத்தோடு போகும்.

தளமே மூடிவிட்டால்?

உங்கள் வட்டில் இருப்பது அப்படியே இருக்கும், ஆனால் டொரண்ட்கள் இறந்துவிடும். பிரைவேட் கொடி டிஹெச்டியை அணைத்திருப்பதால் டிராக்கர் போனபின் பியர்களைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. டொரண்ட் கோப்புகளை அழிக்காமல் ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்: அதே உள்ளடக்கத்துக்கு வேறு தளத்தில் டொரண்ட் வந்தால், எந்தக் கோப்பு எந்தப் பெயரில் எந்த அடுக்கில் இருந்தது என்று அது சொல்லும், கிராஸ் சீட் செய்துவிடலாம். மூடிய சில நாளிலேயே "நாங்கள்தான் வாரிசு, பழைய பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போட்டு வாருங்கள்" என்று பக்கங்கள் முளைக்கும். பழைய ஊழியர்கள் தங்கள் வழக்கமான அரட்டை அறையில் அறிவிக்காத எந்த முகவரியிலும் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள்.